அம்மா கடலில் இறங்கிய நாள்

செவ்வாய், விக்டோரியா

மும்பையிலிருந்து நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து சீஷெல்ஸின் மாஹே தீவில் இறங்கிவிட்டோம். நான், கணவர், அம்மா. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தாயிற்று. விசா தேவையில்லை; கிளம்பும் முன் இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடத்தின் முன்பதிவும் அதற்குக் கேட்பார்கள், கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சீஷெல்ஸ் என்றதுமே, "புதுசாக் கல்யாணம் ஆனவங்க போற இடமாச்சே" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் வந்தது அம்மாவுக்காக. அம்மா பூம்புகாருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். ராத்திரியில் கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள். ஆனால் கடலுக்குள் இறங்கி நின்றதே இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் யாராவது ஒருவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வருகிற அலையில் காலை நனைத்து, இரண்டு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பிவிடுவாள். நம் சோழமண்டலக் கரை அப்படி. அலை கரையிலேயே வந்து உடையும். கொஞ்சம் உள்ளே போனாலே கால் எட்டாது. நிற்கிற இடத்து மண்ணையே உருவிக்கொண்டு போகும். கடலில் பிழைக்கிறவர்களே பயபக்தியோடு இறங்குகிற கடல் அது.

"அலை இல்லாத கடல்னு ஒண்ணு இருந்தா, ஒரு தடவை கழுத்தளவு நின்னு பாக்கணும்" என்று போன வருஷம் பேச்சுவாக்கில் சொன்னாள். அதிலிருந்து நானும் தேடிக்கொண்டே இருந்தேன். தூரத்திலேயே பவளத்திட்டு அலையை உடைத்துவிடுகிற கரைதான் அவளுக்குச் சரிப்படும். அப்படித் தேடித்தான் இந்த நாட்டின் லா டீக் தீவுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே நாளை போகிறோம்.

விக்டோரியா உலகின் மிகச் சிறிய தலைநகரங்களில் ஒன்று. 1903-ல் வைத்த மணிக்கூண்டு நடுவில் நிற்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஊர் முடிந்துவிடுகிறது. சந்தைக்குப் பக்கத்திலேயே அருள்மிகு நவசக்தி விநாயகர் கோயில். 1992-ல் குடமுழுக்கு நடந்த கோயில். வண்ணம் தீட்டிய கோபுரம், அதற்குப் பின்னால் அடர்ந்த பச்சை மலை. செருப்பைக் கழற்றும்போதே ஒருவர் அம்மாவிடம், "ஊர்ல எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். கட்டட வேலைக்கு வந்தவர், கும்பகோணம் பக்கம்.

"சீர்காழி பக்கம் தம்பி."

"அப்ப நம்ம ஊருதான்."

அவ்வளவுதான், இரண்டு பேரும் கோயில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். எந்தப் பஸ் எந்த ஊர் வழியாகப் போகும் என்பதில் தொடங்கி மழை, அறுவடை வரைக்கும் பேச்சு நீண்டது. லா டீக் போகிறோம் என்றதும், "தண்ணி ஏறுற நேரம், இறங்குற நேரம் கேட்டுக்கிட்டுப் போங்கம்மா. அங்க அதுதான் முக்கியம்" என்றார். இந்தப் பயணத்தில் கிடைத்த மிக நல்ல யோசனை இதுதான் என்று இப்போதே தோன்றுகிறது.

இந்தத் தீவுக்கும் நமக்கும் தொடர்பு நேற்று வந்ததல்ல. மாஹே என்ற பெயரே, 1746-ல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் மாஹே த லா பூர்தொனேயின் பெயர்தான். 1770-ல் எதிரே தெரிகிற செயின்ட் ஆன் தீவில் முதன்முதலாகக் குடியேறிய 28 பேரில் ஐந்து பேர் இந்தியர்கள். பின்னால் தமிழ் வணிகக் குடும்பங்கள் வந்து கடை போட்டன. பிள்ளை என்று முடிகிற பெயர்கள் இன்றும் இங்கே உண்டு. பணத்துக்குப் பெயர் கூட ரூபாய்தான். ஒரு சீஷெல்ஸ் ரூபாய் நம் பணத்தில் ஏறக்குறைய ஆறு ரூபாய். செலவு செய்யும் ஒவ்வொரு தடவையும் அம்மா மனசுக்குள் ஆறால் பெருக்கிக்கொண்டே இருக்கிறாள்.

புதன், லா டீக்

மாஹேயிலிருந்து பிராலின் தீவுக்கு வேகப் படகில் ஒரு மணி நேரம். அங்கிருந்து இன்னொரு படகில் கால் மணி நேரம் போனால் லா டீக். படகு ஆடும், வாந்தி வரும் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரலில் வந்ததன் பலன் அது. மே முதல் அக்டோபர் வரை இங்கே தென்கிழக்குக் காற்று அடிக்கும். கடல் கொந்தளிப்பாக இருக்கும். வருஷக் கடைசியிலிருந்து மார்ச் வரை வடமேற்குக் காற்றும் மழையும். ஒரு காற்று ஓய்ந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளி இது. புழுக்கம் அதிகம்தான், ஆனால் கடல் அடங்கிக் கிடக்கிறது.

லா டீக் மொத்தமே பத்து சதுர கிலோமீட்டர். மூவாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். 1768-ல் மரியோன் துஃப்ரேன் என்ற பிரெஞ்சுக் கடலோடி அனுப்பிய கப்பல்களில் ஒன்றின் பெயர் தீவுக்கு நிலைத்துவிட்டது. இங்கே எல்லோருக்கும் சைக்கிள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் வாங்கிப் போகிறவர்கள், தபால்காரர், சுற்றுலா வந்தவர்கள், எல்லோரும். கார் சத்தம் இல்லாததால் எதிரே வருகிறவர் சொல்கிற வணக்கம் காதில் விழுகிறது. நாங்கள் இருவரும் சைக்கிள் எடுத்துக்கொண்டோம். அம்மாவுக்குப் பேட்டரி வண்டி.

தங்கிய வீட்டுக்கார அம்மாள் கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் பேசுகிறார். மூன்றும் இந்த நாட்டின் ஆட்சி மொழிகள். கோயில் தம்பி சொன்னபடி தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் கேட்டேன். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார். நாளை காலை பத்தரை வாக்கில் ஏற்றம் உச்சிக்கு வரும், சாயங்காலம் நாலரைக்கு வற்றும். முழு நிலவுக்கும் அமாவாசைக்கும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்குமாம். இப்போது அரை நிலவு, அதனால் அதிகம் ஏறாது, அதிகம் இறங்காது என்றார்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா, "அது தெரிஞ்சதுதானே. அஷ்டமி நவமிக்குத் தண்ணி மந்தமா இருக்கும்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைங்ககூடச் சொல்லும்" என்றாள். அதை நான் வீட்டுக்கார அம்மாளுக்குத் திருப்பிச் சொன்னேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வியாழன், ஆன்ஸ் சூர்ஸ் தர்ஜான்

இதை எழுதும்போது ராத்திரி ஒன்பது மணி. உடம்பெல்லாம் உப்பு. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் காலையிலிருந்தே எழுதுகிறேன்.

ஏழரைக்கெல்லாம் யூனியன் எஸ்டேட் வாசலில் இருந்தோம். ஆன்ஸ் சூர்ஸ் தர்ஜான் கடற்கரைக்கு இந்தத் தோட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஆளுக்கு 150 சீஷெல்ஸ் ரூபாய் நுழைவுக் கட்டணம். பழைய தென்னந்தோப்பு இது. 1971-ல் மாஹேயில் விமான நிலையம் வரும்வரை இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வர ஒரே வழி கப்பல். பிழைப்பு கொப்பரையிலும் லவங்கப்பட்டையிலும் வெனிலாவிலும்தான் ஓடியது. மாடு சுற்றுகிற செக்கு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார்கள். அம்மா அதன் உலக்கையைத் தொட்டுப் பார்த்து, "நம்ம மரச்செக்குதான்" என்றாள். பக்கத்தில் வெனிலாக் கொடிகள். இந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கிற பூச்சி இந்தப் பக்கத்துத் தீவுகளில் இல்லாததால் ஒவ்வொரு பூவாகக் கையால்தான் சேர்க்க வேண்டும். அந்த வித்தையை 1841-ல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எத்மோன் அல்பியுஸ், பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். உலகம் முழுக்க ஐஸ்கிரீமில் கலக்கிற வாசனைக்குப் பின்னால் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான் என்பது அந்தக் கொடியின் முன்னால் நிற்கும்போது மனசை என்னவோ செய்தது.

அப்புறம் ஆமைகள். அல்டாப்ரா பவளத்தீவிலிருந்து வந்த இனம். அந்தத் தீவில் மட்டும் சுமார் ஒரு லட்சம் இருக்கின்றன. வேலிக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றுக்கு அம்மா இலை கொடுத்தாள். கழுத்தடியில் தடவினால் பிடிக்கும் என்று காவலர் சைகை காட்டினார். தடவியதும் அது நாலு காலையும் ஊன்றி மெதுவாக எழுந்து, சுருக்கம் விழுந்த கழுத்தை முழுசாக நீட்டிக்கொண்டு கண்ணை மூடியது. அம்மா கையை எடுக்கவே இல்லை. கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தோப்பு முடிகிற இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு மணல் பாதையில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் பாறைகள் நெருங்கி வருகின்றன. ஓரிடத்தில் ஆள் ஒருவர் மட்டும் நுழைகிற இடுக்கு. அதைத் தாண்டினால் கடல்.

படத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் நேரில் வேறு. மணல் வெள்ளை, தண்ணீர் கரையில் நிறமே இல்லாமல், கொஞ்சம் தள்ளி வெளிர்பச்சை, இன்னும் தள்ளி நீலம். வெகு தூரத்தில் பவளத்திட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. அலையெல்லாம் அங்கேயே உடைந்துவிடுகிறது. சத்தம் மட்டும்தான் இங்கே வருகிறது. கரையில் ஆள் உயரம், வீட்டு உயரம், அதற்கும் மேலான பாறைகள். சாம்பல் நிறத்தில் ரோஜா நிறம் கலந்த கருங்கல். உச்சியிலிருந்து அடி வரைக்கும் ஆழமான பள்ளங்கள் வரிவரியாக இறங்குகின்றன. மழைநீர் காலங்காலமாக வழிந்து அரித்த வழிகள் அவை. ஒன்றுக்குள் கையை வைத்தேன், முழங்கை வரை போயிற்று. கல்லின் உள்ளே மணிமணியாகப் படிகங்கள், தடவினால் நறநறவென்று இருக்கிறது.

பெருங்கடலின் நடுவில் இருக்கிற தீவுகள் பெரும்பாலும் எரிமலையாலோ பவளத்தாலோ ஆனவை. இது அப்படியில்லை. இந்தக் கல்லுக்கு வயது ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகள். ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்த நிலத்தின் துண்டு. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஓடிய காலத்தையொட்டிப் பிரிந்து, இங்கேயே நின்றுவிட்டது. இந்தியா மட்டும் வடக்கே நகர்ந்து போனது. கணவர் இதை அம்மாவுக்குச் சொன்னார். அம்மா பாறையில் சாய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "அப்ப இதுவும் நம்ம மண்ணுதான்னு சொல்லுங்க மாப்ள" என்றாள்.

அதற்குள் அவள் பார்வை மேலே போயிருந்தது. மணலை நோக்கி வளைந்து, கிளைகளைத் தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருந்த மரங்கள். தடித்த, பளபளக்கிற இலை. கீழே உருண்டைக் காய்கள். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"ஏய், இது புன்னைடி!"

இங்கே இதற்குத் தக்கமாக்கா என்று பேர். சீஷெல்ஸ் கடற்கரைப் படங்களில் எல்லாம் மணலுக்கு நிழல் தருகிற மரம் இதுதான். மயிலாப்பூரில் தலமரமாக நிற்கிற அதே புன்னை. நம் நெய்தல் நிலத்து மரம். அம்மா ஊரில் இந்தக் கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்து விளக்கெரித்திருக்கிறார்கள். சின்ன வயசில் கொட்டையை வைத்துக் கோலி ஆடியிருக்கிறாள். பூ வாசனை எப்படி இருக்கும், எண்ணெய் புகை எப்படிக் கண்ணைக் கரிக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். அதுவரை வெளிநாட்டில் இருக்கிறோம் என்ற சின்னக் கூச்சம் அவள் நடையில் இருந்தது. அதற்கப்புறம் இல்லை. புன்னை நிழலில் துண்டை விரித்து, பையை வைத்து, இடம் பிடித்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு இறங்கினோம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஏறுகிற தண்ணீர்தான் நல்லது என்று முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். கரையை நோக்கித்தான் தள்ளும். அடியில் பவளத் துண்டுகள் குத்தும் என்பதால் மூவரும் பழைய ரப்பர் ஷூ போட்டுக்கொண்டோம். அம்மா ஒரு பழைய காட்டன் புடவையில் வந்திருந்தாள். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். முந்தானையை இழுத்துச் சுற்றினாள். தாலியைக் கண்ணில் ஒற்றி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். கணவர் ஆழப் பக்கம் போய் நின்றார், நான் கையைப் பிடித்தேன்.

கணுக்கால். முழங்கால். அங்கே நின்றுவிட்டாள். அலை வரும் என்று அவள் உடம்பு காத்திருந்தது எனக்குக் கைவழியாகத் தெரிந்தது, பிடி இறுகியது. ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. காலடி மண் அசையவே இல்லை. குனிந்து பார்த்தாள். அவள் கால் விரல்கள் தெரிந்தன. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன் ஷூவை மோந்துவிட்டுப் போயிற்று.

"இழுக்கலையேடி" என்றாள்.

"இழுக்காதும்மா."

இடுப்பளவு போனோம். புடவைக்குள் காற்று புகுந்து, அவளைச் சுற்றிப் பெரிய வட்டமாக மிதந்தது. அதைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். இரண்டு கையாலும் அமுக்கினாள்; இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்பியது. சிரிக்கச் சிரிக்க என் கையை எப்போது விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை. மார்பளவு. கழுத்தளவு. அங்கே தனியாக நின்றாள். சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருந்தது தண்ணீர். கண்ணை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டாள். முதல் முழுக்கு அப்பாயிக்கு, இரண்டாவது தாத்தாவுக்கு, மூன்றாவது தனக்கு என்று பிறகு சொன்னாள்.

மிதக்க வைத்தது கணவர்தான். அவர் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவர். "அத்தை, தலையைப் பின்னால சாயுங்க, வயித்தை மேல தூக்குங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று பிடரிக்கடியில் ஒரு கையும் முதுகுக்கடியில் ஒரு கையும் கொடுத்தார். முதல் தடவை உதறி எழுந்துவிட்டாள், வாயில் உப்புத் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "இன்னொரு தடவை பிடிங்க மாப்ள" என்றாள். இந்தத் தடவை காது தண்ணீருக்குள் போனதும் அசையாமல் படுத்துவிட்டாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தண்ணிக்குள்ள கடுகு பொரியுதுடி."

நானும் காதை உள்ளே விட்டுக் கேட்டேன். அப்படியேதான் இருந்தது. பவளத்திட்டில் வாழ்கிற ஒரு வகைச் சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது. ஆயிரக்கணக்கில் சொடுக்கும்போது இப்படிக் கேட்கும். கணவர் ஒரு கையை எடுத்தார். அப்புறம் இன்னொரு கையையும் எடுத்தார். அம்மாவுக்குத் தெரியாது. உப்பு அதிகமுள்ள கடல் யாரையும் தாங்கும் என்று படித்திருக்கிறேன். என் அம்மாவைத் தாங்குவதை இன்றுதான் பார்த்தேன். நான் அழுதுவிட்டேன், கடலில் நிற்கும்போது அழுவதில் ஒரு வசதி உண்டு, யாருக்கும் தெரியாது.

பதினொரு மணிக்கு மேல் கூட்டம் வரத் தொடங்கியது. பிராலினிலிருந்து காலைப் படகில் வந்து சாயங்காலப் படகில் திரும்புகிறவர்கள். தீவில் தங்கிக் காலையிலேயே வாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். எட்டு மணிக்கு இந்தக் கரையில் எங்களைத் தவிர ஒரு பிரெஞ்சுக் குடும்பம் மட்டுமே இருந்தது. தவிர, உச்சி வெயில் பொல்லாதது. பூமத்திய ரேகைக்கு நாலு பாகை தெற்கேதான் இருக்கிறோம். புன்னை நிழலுக்குப் போய்விட்டோம்.

சாப்பாடு வழியிலேயே பொட்டலமாக வாங்கி வந்திருந்தோம். தேங்காய்ப் பாலும் லவங்க இலையும் போட்ட பேய்க்கணவாய்க் கறி, சோறு, பருப்பு, துருவிய பப்பாளிக்காய்ச் சட்டினி. ஈரப்பலாவை மெல்லிசாகச் சீவிப் பொரித்த வறுவல். ஈரப்பலா சாப்பிட்டவர்கள் சீஷெல்ஸுக்குத் திரும்பி வருவார்கள் என்று இங்கே ஒரு நம்பிக்கை. அம்மா இரண்டு கை நிறைய எடுத்துக்கொண்டாள். கறி நம் ஊர்க் குழம்பைவிட இனிப்பு, காரம் கம்மி. ஆனால் கணவாய் பஞ்சு மாதிரி வெந்திருந்தது. கரையில் பழச்சாறு விற்கிற குடிசைகள் உண்டு, விலை அதிகம்தான். வெட்டிக் கொடுத்த இளநீருக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை.

அம்மாவும் கணவரும் தூங்க, நான் மட்டும் தெற்கே நடந்தேன். மதியத்துக்கு மேல் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. பாறைகளைச் சுற்றி முழங்காலளவு, சில இடத்தில் தொடையளவுத் தண்ணீரில் நடந்தால் அடுத்தடுத்துச் சின்னக் கரைகள்: ஆன்ஸ் பியரோ, ஆன்ஸ் ஓ செத்ர். ஒவ்வொரு பாறையைச் சுற்றும்போதும் ஆள் குறைகிறது. கடைசியாக நான் உட்கார்ந்த கரையில் யாருமே இல்லை. முகக் கண்ணாடி போட்டுக் கொஞ்ச நேரம் மிதந்தேன். கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. கொறித்ததை அரைத்துப் பின்னால் வெண்புகையாக விட்டுக்கொண்டே போகின்றன. நாம் புரளுகிற வெள்ளை மணலில் பெரும்பங்கு அந்த மீன்களின் வயிற்றிலிருந்து வந்ததுதான்.

பவளம் அங்கங்கேதான் உயிரோடு இருக்கிறது. மிச்சமெல்லாம் பழுப்புப் பூசிய கூடு. 1998-ல் கடல் சூடேறியபோது இந்தப் பக்கத்துத் தீவுகளில் உயிருள்ள பவளத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளுத்துச் செத்தது. தேறி வந்ததை 2016-ல் வந்த சூடு மறுபடி அடித்தது. தண்ணீரில் மிதந்தபடி அந்தக் கூடுகளைப் பார்க்கும்போது தொண்டை அடைத்தது. காலையில் அம்மாவைத் தாங்கிய அமைதி இந்தத் திட்டு தந்தது. இது இடிந்து கரைந்தால் வெள்ளைக் கோடு கரைக்கு வந்துவிடும். 2020-ல் இந்தச் சின்ன நாடு தன் கடற்பரப்பில் 30 சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. ஒரு லட்சம் சொச்சம் ஜனத்தொகை உள்ள நாடு! ஆனால் தண்ணீர் சூடாவதை அவர்களால் மட்டும் நிறுத்த முடியாது. தயவுசெய்து இங்கே வருகிறவர்கள் பவளத்தின் மேல் காலை வைக்காதீர்கள், ஒரு துண்டைக்கூட ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள்.

திரும்பி வந்தபோது மணி நாலு. அம்மா எழுந்து, எங்களுக்காகக் காத்திராமல், முழங்காலளவுத் தண்ணீரில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பிரெஞ்சுக் குடும்பத்துச் சின்னப் பெண். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அந்தக் குழந்தை சங்கு பொறுக்கிக் கொடுக்க, அம்மா ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்து, உள்ளே நண்டு இருந்தால் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். முனிவன் நண்டு என்று நாம் சொல்கிறோமே, அது.

சூரியன் பிராலின் தீவின் பக்கம் சாய்ந்தபோது பாறைகளின் ரோஜா நிறம் மேலே வந்தது. கூட்டம் படகுக்குப் போய்விட்டது. அம்மா இன்னொரு தடவை இறங்க வேண்டும் என்றாள். தண்ணீர் வற்றியிருந்ததால் கழுத்தளவுக்கு வெகுதூரம் போக வேண்டும்; அதனால் மணலிலேயே உட்கார்ந்துகொண்டாள், இடுப்பளவுத் தண்ணீரில், காலை நீட்டி. தோட்டத்துக் காவலர் வந்து கிளம்பச் சொல்லும்வரை எழவில்லை.

வெள்ளி, கிராண்ட் ஆன்ஸ்

இன்று தீவின் கிழக்குப் பக்கம் போனோம். நடுவில் ஏற்றம் இருக்கிறது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். அம்மா பேட்டரி வண்டியில் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கிராண்ட் ஆன்ஸ் நீளமான, அகலமான, மிக அழகான கரை. ஆனால் இங்கே காக்கிற திட்டு இல்லை. பெருங்கடல் நேராக வந்து மோதுகிறது. நீரோட்டம் பற்றி எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதை அப்படியே கேட்க வேண்டும். தென்கிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் நன்றாக நீந்துகிறவர்களுக்கே ஆபத்து. ஏப்ரலிலேயே அலை தலைக்கு மேல் எழும்பியது. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்கள் இங்கே பார்த்துவிட்டு, குளிக்க மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள்.

அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். "இது நம்ம ஊர்க் கடல் மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சவுக்கு நிழலில் உட்கார்ந்துவிட்டாள். மதியம் மறுபடி 150 ரூபாய் கட்டி யூனியன் எஸ்டேட்டுக்குள் போனோம். ஆறால் பெருக்குவதை இந்தத் தடவை அவள் செய்யவில்லை. இன்று ஏற்றம் நேற்றைவிட முக்கால் மணி நேரம் தள்ளி வந்தது, அதைக் கணக்குப் போட்டுச் சொன்னதும் அவள்தான்.

நாளை காலைப் படகில் பிராலின். 1983-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற வாலே த மே காட்டுக்குப் போகிறோம். கடல் தேங்காய் காய்க்கிற பனைகள் அங்கே இயற்கையாகவே நிற்கின்றன. சாமியார்கள் கையில் திருவோடாகப் பார்க்கிறோமே, அந்த ஓடு அந்த மரத்தினுடையதுதான். ஒரு காய் முற்ற ஆறேழு வருஷம் ஆகும். வாங்குவதென்றால் அரசுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். காட்டில் என்ன பார்த்தோம் என்று நாளை ராத்திரி எழுதுகிறேன்.